ஜப்பான் சஹன்

எண்பதுகளின் தொடக்கத்தில் கொழும்பில் நடந்தது இது. எனக்கு அப்போது முப்பது வயது இருக்கும். ஊர் கிழக்குக் கரையில் கல்முனைக்குடி. இரண்டு சில்லு உழவு மெசின் திருத்துவது தொழில். படிப்பு மூன்றாம் வகுப்பு. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்த வினையெல்லாம் அதனால்தான் வந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் வயல் பக்கம் மாடு குறைந்து மெசின் கூடிக்கொண்டிருந்தது. எல்லாம் ஜப்பான் மெசின். விதைப்பு நேரத்தில் ஒரு மெசின் பத்து நாள் படுத்துவிட்டால் வயல் சொந்தக்காரப் போடியார் அழாத குறைதான். அதனால் மெசினை இறக்குகிற கம்பனி, எங்கள் கரையோரத்துக்கென்று ஒரு திருத்துகிற ஆளை வைக்க முடிவு செய்தது. கொழும்பில் பத்து நாள் பயிற்சி. சொல்லிக்கொடுக்க ஜப்பானிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பத்தாம் நாள் சோதனை. ஒருவருக்குத்தான் அந்த வேலை. அவருக்குக் கம்பனியின் பெயர்ப் பலகையும் ஒரு பச்சை இரும்புப் பெட்டியும் கிடைக்கும்.

பெட்டியை முதல் நாளே திறந்து காட்டினார்கள். உள்ளே ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதனதன் அளவில் ஒரு குழி. சில்லு இழுக்கும் கருவி, வால்வு அமுக்கும் கருவி, கடதாசியைவிட மெல்லிய அளவுத் தகடுகள். என்னிடம் அதுவரை இருந்தது நாலு ஸ்பேனரும் ஒரு சுத்தியலும். மற்றதெல்லாம் நான் கூலிக்கு நின்ற கராஜில் இரவல். இரவல் கேட்டால் முகத்தைப் பார்த்துத்தான் தருவார்கள். அந்தப் பெட்டி இருந்தால் நான் தனியாக நிற்கலாம். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

எங்கள் பக்கத்திலிருந்து போனது இரண்டு பேர். நானும், காரைதீவுக்காரர் ஒருவரும். அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நல்ல மெக்கானிக். நன்றாகப் பேசுவார், ஆங்கிலம் வாசிப்பார். நான் அவரை அண்ணன் என்பேன். அவர் என்னைக் காக்கா என்பார். எங்கள் பக்கத்துத் தமிழாட்கள் முஸ்லிம்களான எங்களை, சோனக ஆட்களை, அப்படித்தான் கூப்பிடுவார்கள், வயது பார்ப்பதில்லை. ஒரே அறையில் படுத்தோம். ஒரே சோப்பில் குளித்தோம். ஒரே பெட்டியைத்தான் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அதைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை.

ஜப்பான்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். அவரும் என்னைப் போலத்தான், வாய் திறப்பது குறைவு. வேலை செய்யும்போது கையை நீட்டுவார். எது வேண்டும் என்று எனக்குத் தெரியும், எடுத்து வைப்பேன். ஒன்பது நாளும் பாஷை இல்லாமலே போனது. அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் எங்கள் இரண்டு பேரையும் சாப்பிடக் கூட்டிப்போனார். கம்பனியின் அலுவலகத்திலிருந்து கந்தோர் ஐயா ஒருவரும் கூட வந்தார். கடற்கரைப் பக்கத்தில் பெரிய ஹோட்டல். அதற்குள்ளே ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடை. மறுநாள் காலையில் சோதனை.

போகும்போதே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம். எனக்குப் பன்றியும் மதுவும் கூடாது. அண்ணனுக்கு மாட்டிறைச்சி கூடாது. கந்தோர் ஐயா அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஜப்பான்காரர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் நெடுநேரம் பேசிவிட்டு வந்தார். கோழி, இறால், மரக்கறி என்று முடிவானது. கோழி சோனகர் கடையில் வாங்கியதாம்.

உள்ளே நல்ல குளிர். ஒரு பெரிய மேசை, மூன்று பக்கமும் கதிரை. நாங்கள் நாலு பேர். மறுபக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் முன்பே வந்து இருந்தார்கள். மேசையின் நடுவில் மினுமினு என்று ஒரு இரும்புத் தகடு பதித்திருந்தது. அடுப்பு ஒன்றும் கண்ணில் படவில்லை. நெருப்பு இல்லை, புகை இல்லை. சுருட்டிய ஈரத் துவாய் ஒன்றை ஆளுக்கொன்று கொண்டுவந்து தந்தார்கள். இளஞ்சூடு. எல்லோரும் கையைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன்.

பிறகு சமையல்காரர் வந்தார். ஜப்பான்காரர் என்று பார்த்தால், மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர். ஒரு முழ உயரத்தில் வெள்ளைத் தொப்பி. இரண்டு கையிலும் தகடு போலக் கரண்டி. எங்கள் முன்னாலேயே சமைக்கத் தொடங்கினார். சமைத்தார் என்று சொல்வதா, வித்தை காட்டினார் என்று சொல்வதா தெரியவில்லை. முட்டையை மேலே எறிந்து கரண்டியின் விளிம்பில் வாங்கி உடைத்தார். இறாலின் வாலை வெட்டி, அதைத் தொப்பிக்குள் விழும்படி தட்டிவிட்டார். வெங்காய வளையங்களை அடுக்கிக் கோபுரம் கட்டி, உள்ளே எண்ணெய் விட்டு நெருப்பு வைத்தார். அது குபீர் என்று எரிந்தது. வெள்ளைக்காரக் கிழவி கை தட்டினாள்.

அண்ணன் என் பக்கம் சாய்ந்தார்.

"காக்கா, நம்மட பசார்ல கொத்து ரொட்டி போடுறவன் இதப் பாத்தா, ரெண்டு தகட்டையும் கடல்ல எறிஞ்சிபோட்டுத் தோணியில ஏறிருவான்."

"ம்."

"ம் எண்டு சொல்றதுக்கா இவ்வளவு தூரம் பஸ்ஸுல வந்தீங்க?"

சமையல்காரர் சோற்றைப் பிரட்டி நடுவில் குவித்தார். அதன் மேலே கோழியைப் பரப்பினார். பிறகு கரண்டியால் பிரித்து, ஒவ்வொருவர் முன்னாலும் தகட்டின் ஓரத்துக்கு ஒரு பங்கைத் தள்ளிவிட்டார். பொரிகிற சத்தம் அடங்கியது.

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கலியாணமோ கந்தூரியோ, நாங்கள் சஹனில்தான் சாப்பிடுவோம். சஹன் என்றால் பெரிய தட்டு. நடுவில் சோறு, மேலே இறைச்சி. ஐந்தாறு பேர் சுற்றி இருப்போம். முதலில் கை கழுவத் தண்ணீர் வரும். பிறகு பிஸ்மி சொல்லி, ஆளாளுக்குத் தன் முன்னால் உள்ள ஓரத்திலிருந்து அள்ளுவோம். நடுவுக்குக் கை போகாது, அடுத்தவர் பக்கமும் போகாது. இதை யோசித்துச் செய்வதில்லை. கைக்கே அது தெரியும்.

இப்போது நீங்களே பாருங்கள். கை துடைக்கத் துவாய் வந்தது. ஆறு பேர் சுற்றி இருந்தோம். நடுவில் சோறு, மேலே கோழி. என் முன்னால் ஓரத்தில் என் பங்கு. ஒன்பது நாளாகப் பார்சல் சோறு தின்ற வயிறு. நான் பிஸ்மி சொன்னேன். மூன்று விரலைச் சோற்றின் அடியில் கொடுத்து அள்ளினேன்.

அள்ளி முடிக்கவில்லை.

இத்தனைக்கும் நான் இரும்போடு கிடப்பவன். ஓடி நின்ற எஞ்சினின் புகைக் குழாயில் கை வைக்கிற மடையன் இல்லை. அந்தத் தகட்டில்தான் முட்டை வெந்ததையும் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அன்று மெக்கானிக்கை வாசலில் விட்டுவிட்டுக் கலியாண வீட்டுக்காரனாக உள்ளே போயிருந்தேன் போலும்.

ஒருவரும் பார்க்கவில்லை. சமையல்காரர் அந்த நேரம் மிளகுக் குப்பியை முதுகுக்குப் பின்னால் எறிந்து முன்னால் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லோர் கண்ணும் மேலே. நான் சத்தம் போடவில்லை. கையை மேசைக்குக் கீழே கொண்டுபோய், ஆறிப்போன ஈரத் துவாயால் பொத்திக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயப் புகை என்று நினைத்திருப்பார்கள்.

பிறகுதான் நாளைய சோதனை நினைவுக்கு வந்தது. சுட்டது வலக்கை. நடு மூன்று விரல். ஸ்பேனர் பிடிக்கிற விரல்கள்.

பீங்கான்களில் சோறு வந்தது. எல்லோரும் சாப்பிடத் தொடங்கினார்கள். நான் சும்மா இருந்தேன். வலக்கையைக் காட்ட முடியாது. இடக்கையால் தின்று பழக்கமில்லை.

"என்ன காக்கா, தின்னல்லயா?"

"பசியில்ல."

"காலையில ஆனையையும் தின்னுவன் எண்டு சொன்னீங்களே."

பதில் சொல்லவில்லை. அங்கேதான் பிழை விட்டேன். "கை சுட்டுட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். மெக்கானிக் ஒருவன் சூட்டுத் தகட்டில் கை வைத்தான் என்று எப்படிச் சொல்வது? அதுவும் நாளைக்குப் பெட்டி கொடுக்கப் போகிறவருக்கு முன்னால்? வாயை மூடிக்கொண்டேன்.

நான் மூடியதும் மற்றவர்கள் தங்களுக்குத் தோன்றியதை நினைக்கத் தொடங்கினார்கள்.

முதலில் சமையல்காரர். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். சிங்கள ஆட்கள் எங்களை நானா என்பார்கள்.

"நானா, பண்டி இல்ல. அம்மா மேல சத்தியம்."

நான் தலையை ஆட்டினேன். அவர் வெங்காயத்தில் ஊற்றிய போத்தலை எடுத்துவந்து என் மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். "மணந்து பாருங்க. எண்ணெய். வைன் இல்ல, பியர் இல்ல." மணந்தேன். எண்ணெய்தான். இன்னொரு போத்தலைக் கொண்டுவந்தார். வினாகிரி. அதையும் மணந்தேன். மூன்றாவதாகக் கறுப்பாக ஒன்று. அது என்னவென்று தெரியவில்லை. உப்பு மணம். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். ஆனால் சாப்பிடவில்லை.

சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். பிறகு தகட்டில் கிடந்ததையெல்லாம் வழித்தார். தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். உப்புப் போட்டுத் தேய்த்தார். திரும்பவும் தண்ணீர். புது எண்ணெய்த் தகரம் ஒன்றை என் கண் முன்னால் உடைத்தார். புதுக் கத்தி, புதுக் கரண்டி. எனக்கென்று மட்டும் முதலிலிருந்து சோறு பிரட்டினார். இந்த முறை வித்தை ஒன்றும் இல்லை. பயத்தோடு சமைத்தார். என் முன்னால் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் சோற்றைப் பார்த்தேன். சாப்பிடவில்லை.

"காக்கா, அந்த மனிசன் அழப் போறான்," என்றார் அண்ணன். "ரெண்டு பருக்கையாவது வாயில வைங்க. சோதனைக்குப் பயமா?"

"இல்ல."

"அப்ப என்னதான் காக்கா?"

வெள்ளைக்காரக் கிழவிக்கு என்ன விளங்கியதோ, தன் பீங்கானில் இருந்த பெரிய இறால் ஒன்றை எடுத்து என் பீங்கானில் வைத்தாள். கிழவன் தன் பங்குக்கு ஒரு கத்தரிக்காய்த் துண்டை வைத்தான். கடையின் மனேஜர் வந்தார். கழுத்தில் டை. கையில் இறைச்சிக் கடையின் பில் துண்டு. அதை என் முன்னால் விரித்து, எங்கள் ஆட்களின் கடைப் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். எனக்கு அதை வாசிக்கவும் தெரியாது. தலையை மட்டும் ஆட்டினேன். கந்தோர் ஐயாவின் முகம் கறுத்துவிட்டது. "இப்படிச் செய்தால் கம்பனிக்கு மரியாதை இல்லை, காணும்," என்று மெல்லிய குரலில் சொன்னார்.

ஜப்பான்காரர் தான் சாப்பிடுகிற இரண்டு குச்சியையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்தார். எழுந்தார். கதிரையைப் பின்னால் தள்ளினார். கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தார். நிமிரவில்லை. அப்படியே நின்றார்.

எங்களுக்குக் குனிவது படைத்தவனுக்கு மட்டும்தான். என் வாப்பாவின் வயது மதிக்கத்தக்க ஒருவர், அதுவும் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், நான் செய்த பிழைக்காக எனக்கு முன்னால் குனிந்து நிற்கிறார். விரல் எரிவு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. நான் எழுந்து அவரைத் தோளில் பிடித்து நிமிர்த்தினேன். பிடித்தது இடக்கையால். வலக்கையைத் துவாயோடு மேசையில் வைத்து, துவாயை விரித்தேன்.

"கை சுட்டுட்டு," என்றேன்.

மூன்று விரலும் வெந்து சிவந்து, நுனியில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது.

"எப்பிடி?" என்றார் அண்ணன்.

சொன்னேன். துவாய், ஆறு பேர், நடுவில் சோறு, ஓரத்தில் என் பங்கு, பிஸ்மி. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான் முதல் தடவை. அண்ணன் அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். பாதியில் சிரிப்பு வந்து மேசை விளிம்பில் கவிழ்ந்துவிட்டார். மிச்சத்தைக் கந்தோர் ஐயாதான் சொல்லி முடித்தார். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

சமையல்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"நானா, இது மேசை இல்ல. இது அடுப்பு. நாங்க எல்லாரும் அடுப்பச் சுத்தித்தான் இருக்கிறது."

உடனே உள்ளே ஓடினார். பெரிய கோப்பையில் ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து என் கையை அதில் அமுக்கினார். தன் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக் காட்டினார். இரண்டு கையிலும் புள்ளி புள்ளியாகச் சூட்டுத் தழும்பு. "இது முதல் மாசம். இது இரண்டாம் மாசம். இது கலியாணத்துக்கு முதல் நாள்," என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். பிறகு தன் கையை நனைத்து, சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் கோழித் துண்டு ஒன்றை வைத்தார். எனக்கு மிச்சமிருந்தது பெருவிரலும் சுண்டுவிரலும்தான். அதற்குள் பிடிபடுகிற அளவு உருண்டை. பீங்கானை என் முன்னால் வைக்கும் முன் அதைத் தன் கன்னத்தில் வைத்துக் காட்டினார்.

"குளிர். பயமில்ல, நானா."

பதினாலு உருண்டை தின்றேன். அண்ணன் எண்ணிக்கொண்டிருந்தார், அதனால் தெரியும். ஜப்பான்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. என் கையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்பவும் ஐஸ் தண்ணீருக்குள் வைத்தார்.

மறுநாள் காலை சோதனை. கம்பனி முற்றத்தில் ஆளுக்கொரு மெசின், வேண்டுமென்றே பழுதாக்கி வைத்திருந்தார்கள். அண்ணனுடையது தொடங்கவே இல்லை. அரை மணித்தியாலத்தில் அதைத் திருத்தி ஓட்டிக் காட்டிவிட்டார். அடுத்தது நான். மூன்று விரலிலும் துணிக்கட்டு. ஸ்பேனரை எடுத்தேன், பிடி நிற்கவில்லை. இரண்டாம் தரம் எடுத்தேன், நிலத்தில் விழுந்தது.

கந்தோர் ஐயா, "ஏலாதெண்டால் விடும். அடுத்த முறை பார்ப்பம்," என்றார். அடுத்த முறை என்று ஒன்று இல்லை. பெட்டி அன்றைக்கே போய்விடும்.

அப்போது அண்ணன் சட்டையைக் கழற்றிக் கம்பியில் போட்டார்.

"சேர், என்ட கை சும்மாதானே கிடக்கு. காக்கா சொல்லட்டும், நான் செய்யிறன்."

கந்தோர் ஐயா ஜப்பான்காரரைப் பார்த்தார். அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். கை வேண்டாம், காது போதும் என்று விளங்கியது.

உண்மையைச் சொல்கிறேன், நான் அண்ணனை நம்பவில்லை. அதே பெட்டி அவருக்கும் வேண்டும். நான் ஒன்று சொல்ல அவர் வேறொன்று செய்தால் எனக்குக் கையில்லையே. அவர் கையையே கவனித்துக்கொண்டு நின்றேன்.

மெசின் உடனே தொடங்கியது. ஏழெட்டு நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு மூச்சுத் திணறி நின்றது. கொஞ்சம் விட்டுத் தொடங்கினால் திரும்பவும் ஓடியது, திரும்பவும் நின்றது.

"பம்புதான். காத்துப் புடிச்சிருக்கு. கழட்டட்டா?"

"வேணாம்."

"வேணாம் எண்டா ஏன் எண்டு சொல்லுங்க. நேத்து மாதிரி ஊமையா இருந்தா இண்டைக்கும் பட்டினிதான்."

சொன்னேன். "காத்துப் புடிச்சா இப்பிடி லேசாத் தொடங்காது அண்ணன். தொடங்குது, ஓடுது, மறுகா டீசல் வரத்துக் குறையுது. ஆரோ கழுத்தப் புடிக்கிற மாதிரி நிக்குது. டாங்கி மூடியத் திறங்க."

திறந்தார். உஸ் என்று காற்று உள்ளே போனது. மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், டாங்கிக்குள் காற்றுப் போவதற்கு. அது அடைபட்டால் டீசல் இறங்காது. எங்கள் வயலில் சேறு அடைக்கும், எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். இங்கே கிரீஸ் வைத்து அடைத்திருந்தார்கள். அண்ணன் ஒரு ஈர்க்கை முறித்துக் குத்தி எடுத்தார். மெசின் ஓடியது. நிற்கவே இல்லை.

ஒரு ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை. இடக்கையாலேயே திறந்திருக்கலாம்.

"மெசினும் உங்களப் போலத்தான் காக்கா," என்றார் அண்ணன். "மூச்சு விட ஓட்டையில்லாம நிண்டிருக்கு."

ஜப்பான்காரர் அப்போதுதான் சிரித்தார். தமிழ் விளங்கிச் சிரித்தாரா, எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தாரா என்று தெரியாது.

பெட்டி அண்ணனுக்குக் கிடைத்தது. மாதா மாதம் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டுமாம். மூன்றாம் வகுப்புப் படித்தவனுக்கு அது முடியாது. கந்தோர் ஐயா இதை என்னிடம் தன்மையாகத்தான் சொன்னார். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் காலை கல்முனை பஸ்ஸில் ஏறினோம். பெட்டியை இரண்டு பேருக்கும் நடுவில் காலுக்குக் கீழே வைத்திருந்தார். அண்ணன் பேசவில்லை. நானும் பேசவில்லை. கண்டி தாண்டியது, மலை இறங்கியது. பஸ் குலுங்கும்போதெல்லாம் பெட்டி என் காலில் இடித்தது. இப்படியே ஊர் போய்ச் சேர்ந்தால், பிறகு வழியில் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டு போகிற ஆட்களாகிவிடுவோம் என்று எனக்குத் தெரிந்தது. அவர் நினைப்பதை நான் ஒரு விதமாக எடுப்பேன், நான் நினைப்பதை அவர் ஒரு விதமாக எடுப்பார். அந்த ஜப்பான் கடை மாதிரி.

மகியங்கனையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். குடித்துவிட்டு வந்து இருந்ததும் சொன்னேன்.

"அண்ணன், அந்தப் பெட்டி எனக்குக் கிடைக்கல்ல எண்டு மனசு எரியுது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதச் சொல்ல உங்களுக்கு மகியங்கனை வரைக்கும் எடுத்திச்சா?" என்றார். பிறகு பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கும் ஒண்டு கிடக்கு காக்கா. அந்த மெசின் எனக்கு வந்திருந்தா, பம்ப அக்குவேறா கழட்டிப்போட்டு இப்பவும் கொழும்புலதான் நிப்பன். ராவெல்லாம் அதத்தான் நினைச்சிக் கிடந்தன். உங்களுக்கிட்டச் சொல்ல வெக்கம்."

பெட்டியைக் காலால் என் பக்கம் கொஞ்சம் தள்ளினார்.

"நான் கடிதத்த எழுதுறன். நீங்க மெசினக் கேளுங்க. என்ன சொல்றீங்க?"

"ஓம்," என்றேன்.

எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில், சாய்ந்தமருதும் காரைதீவும் முட்டுகிற இடத்தில், ரோட்டோரம் ஒரு கிடுகுக் கொட்டில் போட்டோம். பலகை அவர் பெயரில். கொட்டில் இரண்டு பேருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நான் போக அவர் பார்ப்பார். அவருடைய கோயில் திருவிழாவுக்கு அவர் போக நான் பார்ப்பேன். பிற்காலத்தில் கலவரத்தால் ரோட்டில் போய்வர முடியாத நாட்களும் வந்தன. அப்போது பெட்டி சில நாள் அவர் வீட்டில் இருந்தது, சில நாள் என் வீட்டில் இருந்தது. ஒரு ஸ்பேனர்கூடத் தொலையவில்லை.

அடுத்த விதைப்புக்கு ஜப்பான்காரர் எங்கள் கொட்டிலைப் பார்க்க வந்தார். பகல் சாப்பாடு என் வீட்டில். மனைவி கோழி ஆக்கினாள். சஹன் வைத்தோம். அவர், அண்ணன், என் மாமனார், நான். பாயில் சம்மணம் கட்டி இருந்தார். கை கழுவினார். பிஸ்மி சொல்லி நாங்கள் கையை வைக்கப் போகும்போது, கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினார். முகத்தில் சிரிப்பே இல்லை. ஒற்றை விரலை நீட்டி, சஹனின் விளிம்பை மெதுவாகத் தொட்டார். எடுத்தார். திரும்பவும் தொட்டுப் பார்த்தார்.

"ம்," என்றார், அசல் என்னைப் போலவே.

அண்ணன் சிரித்துப் பாயில் விழுந்துவிட்டார். குசினிக்குள்ளிருந்து மனைவி சிரித்த சத்தம் கேட்டது. மாமனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து நானே சொன்னேன்.

இப்போதும் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனால் எங்காவது சுட்டால், கையை மேசைக்குக் கீழே கொண்டுபோகும் முன் அதைச் சொல்லிவிடுகிறேன். மனசு எரியுது என்று மகியங்கனையில் வாய் திறந்து சொன்னதால்தான் எனக்கு ஒரு கொட்டிலும் கிடைத்தது, ஒரு அண்ணனும் கிடைத்தார்.